ஊட்டியில் செய்த தாளில் ஊட்டி: தகர டப்பா கேமராவோடு ஆறு நாள்

குன்னூரில் ஒரு பழைய ஸ்டூடியோக்காரர் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார். கண்ணாடிச் சட்டங்களுக்கும் சுருட்டி வைத்த பின்திரைகளுக்கும் அடியில் ஒரு அட்டைப் பெட்டி. மேலே 'இந்து' என்று அச்சு. உள்ளே கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடும் புரோமைடு தாள், 8×10 அங்குலம்.

"அறுபது தாள் இருக்கும் தம்பி. இனிமே எதுக்கும் ஆகாது, கறுத்துப் போயிருக்கும்" என்றார்.

"வீணானாலும் பரவாயில்லைங்க ஐயா, ஒரு தடவை பாத்துடறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். காசு வேண்டாம் என்றார். ஏதாவது வந்தால் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

இந்து என்பது ஊட்டியில் 1960இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தின் பெயர்முத்திரை. கறுப்பு வெள்ளை ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம், புரோமைடு தாள் எல்லாம் அங்கே செய்தார்கள். ஃபிலிம் பூசுவதற்குத் தூசியில்லாத, குளிர்ந்த காற்று வேண்டும். மலையில் அது இருந்தது. ஆலை மூடிவிட்டது. அது இருந்த இடத்துக்கு மட்டும் இன்றும் இந்து நகர் என்றே பெயர். நம் வீடுகளில் இருக்கும் எத்தனையோ பழைய கல்யாணப் படங்கள் அங்கே செய்த தாளில் அச்சானவையாக இருக்கும்.

பெட்டியைத் திருப்பூருக்குக் கொண்டுவந்த அன்றே முடிவு செய்துவிட்டேன். ஊட்டியில் செய்த தாளிலேயே ஊட்டியைப் படம் எடுக்க வேண்டும். இந்தத் தாளைப் போட்டு எடுக்கும் கேமரா கடையில் கிடையாது. அதனால் ஊசித்துளை கேமரா: லென்ஸ் கிடையாது, இருட்டு டப்பாவில் ஊசியால் போட்ட சின்னத் துளை வழியாகவே படம் தாளில் விழும்.

டப்பா

பிஸ்கட் வந்த செவ்வகத் தகர டப்பா இரண்டு, வட்டமான பால்பவுடர் டப்பா ஒன்று. செவ்வக டப்பாவின் உயரம் 9 சென்டிமீட்டர். மூடியின் உட்புறத்தில் தாளை ஒட்டி, அடிப்பக்கத்தில் துளை வைத்தால், துளையிலிருந்து தாள் வரை 90 மி.மீ. இந்தத் தூரத்துக்கு ஏற்ற துளையின் அளவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம்: தூரத்தையும் ஒளியின் அலைநீளத்தையும் (0.00055 மி.மீ.) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1.9ஆல் பெருக்க வேண்டும். 0.42 மி.மீ. வந்தது. அதைவிடப் பெரிதானால் படம் மங்கும். சிறிதானாலும் மங்கும், ஏனென்றால் ஒளி துளையின் விளிம்பில் சிதறிவிடும்.

தகரத்திலேயே துளை போட்டால் விளிம்பு தடிமனாக நிற்கும். அதனால் ஆணியால் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்குத் தகரத்தைத் திறந்து, உள்பக்கமாகக் குளிர்பான கேனிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டை ஒட்டினேன். துளையை அந்தத் துண்டில் முன்னாலேயே போட்டுவிட வேண்டும். பழைய நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்து, மெல்லிய தையல் ஊசியின் நுனியால் லேசாக அழுத்தினால் பின்பக்கம் ஒரு கொப்புளம் எழும்பும். அதை 600 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அழுத்தி, மறுபடி தேய்த்து, ஊசி நுனி மட்டும் நுழையும் அளவில் நிறுத்த வேண்டும். மில்லிமீட்டர் ஸ்கேலோடு சேர்த்து மொபைலில் பெரிதாக்கிப் பார்த்ததில் 0.4 மி.மீ. தெரிந்தது. 90ஐ 0.4ஆல் வகுத்தால் 225. அதாவது கேமரா கணக்கில் துளையின் எண் எஃப் 225; எண் கூடக் கூட வெளிச்சம் குறையும். சாதாரண கேமராவில் வெயிலில் எஃப் 16 வைப்போம் அல்லவா, அதைவிட ஏறத்தாழ 200 மடங்கு குறைவான வெளிச்சம்தான் இந்தத் துளை வழியாக உள்ளே போகும்.

உள்ளே கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட் இரண்டு கை. மூடி சேரும் இடத்தைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். ஷட்டருக்கு ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பட்டை. தகரத்தில் பச்சென்று பிடிக்கும், எடுக்கும்போது டப்பா அசையாது. இதற்குமுன் அட்டையை மடித்து ஒரு ஷட்டர் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் டப்பா நகர்ந்துவிட்டது. காந்தத்துக்கு மாறியபின் அந்தக் கவலையே இல்லை.

தாளில் உயிர் இருக்கிறதா

இருட்டறையில் ஒரு தாளை எடுத்து இரண்டு துண்டாக்கினேன். வெளிச்சமே படாத ஒரு துண்டை நேராக ஹைப்போவில் (படத்தை நிலைக்க வைக்கும் கரைசல்) போட்டேன், இன்னொன்றை டெவலப் செய்து ஹைப்போவில் போட்டேன். முதல் துண்டு வெள்ளை. இரண்டாவது துண்டின் ஓரங்கள் சாம்பல் நிறமாகி, நடுவில் ஏறக்குறைய வெள்ளையாகவே இருந்தது. காற்று ஓரங்களில்தானே முதலில் புகும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டால் நடுப்பகுதி தேறும் என்று புரிந்தது. ஒரு தாளில் நான்கு துண்டு.

டெவலப்பர், அதாவது படத்தை வெளியே கொண்டுவரும் கரைசல், காப்பியில். உடனடிக் காப்பித் தூளும் சலவை சோடாவும் வைட்டமின் சியும் சேர்ந்தால் தாளில் வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைக் கறுக்க வைக்கும். அரை லிட்டர் தண்ணீருக்கு நான் எடுத்த அளவு: நீர் நீக்கிய சலவை சோடா 27 கிராம், வைட்டமின் சி தூள் 8 கிராம், காப்பித் தூள் 20 கிராம், பழைய தாளின் சாம்பல் பூச்சை அடக்க அயோடின் சேர்த்த சாப்பாட்டு உப்பு 5 கிராம். சோடா முழுக்கக் கரைந்தபிறகு வைட்டமின் சி, அப்போது நுரைக்கும். அப்புறம் காப்பி. பத்து நிமிடம் அப்படியே விட்டால் குமிழி அடங்கும். வைட்டமின் சி மாத்திரை வேண்டாம், சர்க்கரையும் நிறமும் கலந்திருக்கும். தூளாகவே வாங்குங்கள்.

நீர் நீக்கிய சலவை சோடா எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. கேட்ட இடத்திலெல்லாம் ஆப்ப சோடாவைக் கொடுத்தார்கள். சரி, அதையே வாங்கிவந்து இரும்பு வாணலியில் நன்றாகச் சூடேற்றிக் கிளறினேன். நீராவியும் கரியமில வாயுவும் வெளியேறிச் சலவை சோடாவாகிவிடும். 100 கிராம் போட்டால் 63 கிராம்தான் மிஞ்சும். எடை அதற்குமேல் குறையாத வரை வறுக்க வேண்டும். தராசு இருந்தால் இதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஹைப்போ வண்ணமீன் கடையில் கிடைத்தது. தொட்டித் தண்ணீரில் குளோரினைப் போக்க அங்கே அதே சோடியம் தயோசல்பேட் படிகத்தைத்தான் விற்கிறார்கள். லிட்டருக்கு 200 கிராம். சிவப்பு விளக்குக்குச் சைக்கிளின் பின்விளக்கு. ஒரு துண்டுத் தாளின் மேல் நாணயத்தை வைத்து, ஐந்து நிமிடம் அந்த வெளிச்சத்தில் காட்டி, டெவலப் செய்தேன். நாணயத்தின் தடம் விழவில்லை, அதாவது அந்த வெளிச்சம் தாளைக் கெடுக்கவில்லை.

மொட்டைமாடியில் 30, 60, 120 நொடி என்று மூன்று சோதனை. வெயிலில் 60 நொடி சரியாக வந்தது. அதாவது இந்தத் தாள் ஒளியை உணரும் வேகம் ஐ.எஸ்.ஓ. 3 அளவில்தான் இருக்கிறது.

மலைக்கு

தீபாவளிக் கூட்டம் இறங்கியபிறகு, நவம்பர் பாதிக்குமேல் போனேன். மழையால் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் நிறுத்தப்பட்டிருந்தது. வடகிழக்குப் பருவமழையில் இது அடிக்கடி நடப்பதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து. பேருந்தில் போனதால், சுற்றுலா வண்டிகள் நீலகிரிக்குள் நுழைய வாங்கவேண்டிய இ-பாஸ் எனக்குத் தேவைப்படவில்லை. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை என்பதால் கரைசல்களுக்குப் பழைய பழுப்பு நிற மருந்துக் கண்ணாடி பாட்டில்களைச் சட்டைகளுக்குள் சுற்றி வைத்திருந்தேன்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ஞாயிறு மாலை முதல் சனி காலை வரை தங்குகிறேன் என்றதும் நாளுக்கு 600 ரூபாய்க்குத் தந்தார்கள். நான் பார்த்தது டிவியையோ ஜன்னலையோ அல்ல. ஜன்னல் இல்லாத குளியலறை, காலையில் ஒரு வாளி வெந்நீர், இந்த இரண்டும்தான். காப்பியும் சோடாவும் சேர்ந்தால் நாற்றம் வரும், அதைச் சொல்லாமல் செய்வது நியாயமில்லை. என்ன செய்யப் போகிறேன் என்று மேலாளரிடம் விளக்கினேன். "தரையில கறை படாம பாத்துக்கங்க சார்" என்றார். ஆறு நாளும் கறை படவில்லை. தங்குமிடம், சாப்பாடு, பேருந்து, மருந்துச் செலவு எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய்க்குள் முடிந்தது.

முதல் நாள் எடுத்த மூன்று படமும் போயின. சோடாவையும் வைட்டமின் சியையும் வீட்டிலேயே நிறுத்துப் பொட்டலம் கட்டியிருந்தேன். காப்பித் தூள் எங்கேயும் கிடைக்குமே என்று விட்டுவிட்டேன். ஊட்டியில் வாங்கியதில் கரைத்தபோது தாள் வெளிறிய சாம்பலுக்குமேல் ஏறவே இல்லை. குழாய்த் தண்ணீர் 14 டிகிரி காட்டியது, குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். கரைசல் குவளையை வெந்நீர் வாளியில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் தேறியது, ஆனால் கறுப்பு கறுப்பாக இல்லை. அப்புறம்தான் பொட்டலத்தைத் திருப்பிப் படித்தேன்: சிக்கரி கலந்தது. மறுநாள் தேடிப் பிடித்துச் சிக்கரி சேராத தூள் வாங்கியதும் நான்கே நிமிடத்தில் ஆழமான கறுப்பு. குளிரும் சிக்கரியும் சேர்ந்து செய்த வேலை. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்ததால்தான் எது எவ்வளவு என்று தெரிந்தது.

மூட்டம்

செவ்வாய்க்கிழமை காலை புனித ஸ்டீபன் தேவாலயம். வெயில் பளிச்சென்று இருந்தது. 2,200 மீட்டர் உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், இந்தத் தாள் நீலத்தையும் புற ஊதாவையும் மட்டுமே பார்க்கும் என்பதால் 45 நொடி போதுமாக இருந்தது. ஆனால் தாளில் வந்த நெகட்டிவை மொபைலில் நிறம் புரட்டிப் பார்த்தபோது படம் எனக்குப் பிடிக்கவில்லை. சுவர் வெறும் வெள்ளை, மரங்கள் வெறும் கறுப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை. வட்ட டப்பாவில் எடுத்ததில் கோபுரம் நேராக நின்றது, கூரைக்கோடு வில்லாக வளைந்துவிட்டது. கட்டடங்களுக்கு அது ஆகாது. யூகலிப்டஸ் பாதைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மூட்டம் இறங்கியது. சுற்றுலா வந்தவர்கள் கார்களுக்குத் திரும்பினார்கள். நான் அதே மதில் ஓரத்தில் டப்பாவை வைத்துத் துளையைத் திறந்தேன். ஏழு நிமிடம்.

அந்த ஏழு நிமிடத்தில் செய்ய வேறு வேலை இல்லை. 1829இல் அடிக்கல் நாட்டிய கட்டடம். உள்ளே இருக்கும் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. அந்த மரம் அத்தனை தூரம் மலையேறி வந்ததை அதன் அடியில் நின்றுதான் யோசித்திருந்தேன் காலையில். பின்னால் சரிவில் கல்லறைகள்; கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து இந்த ஊரை உண்டாக்கிய ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். மூட்டம் ஒரு கல்லை மூடும், இன்னொன்றைத் திறக்கும். மொபைலில் நொடி எண்ணிக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு குளியலறையில் அந்தத் தாள் தெளிந்து வந்தபோது சுவரின் சுண்ணாம்புத் திட்டுகள் வரை தெரிந்தன. புரோமைடு தாள் இயல்பிலேயே கறாரானது, வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடைப்பட்டதை விழுங்கிவிடும். மூட்டம் அந்த இடைவெளியைச் சுருக்கித் தருகிறது. ஊட்டிக்குப் போகிறவர்கள் வெயில் வருமா என்று கேட்பார்கள். இந்தத் தாளோடு போகிறவர் மூட்டம் வருமா என்றுதான் கேட்க வேண்டும். அன்றிலிருந்து காலையில் நடந்து இடம் பார்ப்பது, மூன்று மணிக்குமேல் எடுப்பது என்று மாற்றிக்கொண்டேன்.

புதன்கிழமை சேரிங் கிராஸ் சந்திப்பும் நீலகிரி நூலகமும். நூலகத்தின் செங்கல் சிவப்பு இந்தத் தாளுக்குத் தெரியாது, அதனால் சுவர் கரியாகவே வந்தது. ஐந்து நிமிடத்தில் சாலையில் போன வண்டியும் ஆளும் ஒன்றுகூடப் பதியவில்லை. வெற்றுச் சாலை, வெள்ளை வானம். 1860களில் ஊட்டியில் படம் எடுக்கத் தொடங்கிய ஏ.டி.டபிள்யூ. பென்னின் படங்களில் வானம் ஏன் அப்படி வெறுமையாக இருக்கிறது என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. அந்தக் காலக் கண்ணாடித் தகடும் நீலத்தை மட்டுமே பார்த்தது. நீல வானமும் வெள்ளை மேகமும் அதற்கு ஒன்றுதான்.

அந்தக் காலத்துப் படங்களில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களை வரிசையாக நிற்க வைத்து, மாதிரிப் பொருள்போல எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு சங்கடப்படும். இந்த ஊருக்கே தோடர் குடியிருப்பான மந்திலிருந்துதான் பெயர் வந்தது. அவர்களின் மேய்ச்சல் நிலத்தில்தான் இத்தனை கட்டடமும் எழுந்தது. டப்பாவின் முன்னால் யாரையும் நிமிடக்கணக்கில் நிற்கச் சொல்வதில்லை என்று முன்பே தீர்மானித்திருந்தேன், கடைசிவரை அப்படியே.

ஒரு எச்சரிக்கை. கறுப்பு டேப் சுற்றிய தகர டப்பாவைப் பொது இடத்தில் வைத்துவிட்டு நகரவே கூடாது. 'புகைப்படப் பெட்டி' என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தேன், ஒரு கை தூரத்திலேயே நின்றேன். அப்படியும் சேரிங் கிராஸில் ஒரு காவலர் வந்து விசாரித்தார். காலையில் கழுவிய தாளைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, படம் முடியும்வரை கூடவே நின்றார்.

வியாழக்கிழமை முழுக்க மழை. கழுவியவற்றைக் காயவைக்க முயன்றதுதான் அன்றைய வேலை. நாலு தாள் காய ஒன்றரை நாள் பிடித்தது, அதுவும் அப்பளம்போலச் சுருண்டு. துண்டுகளுக்கு நடுவே வைத்து மெத்தைக்கு அடியில் தள்ளினேன். வர்க்கியும் டீயுமாகப் பொழுது போனது.

லவ்டேல்

வெள்ளிக்கிழமை லவ்டேலுக்கு நடந்தேன். ஊட்டிக்கு முந்தைய நிலையம், சின்னது, சுற்றிலும் மரம். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. பல்சக்கரத் தண்டவாளம் குன்னூரோடு முடிந்துவிடும், அதற்குமேல் டீசல் எஞ்சின். குன்னூர் வரை 1899இல் வந்த பாதை ஊட்டியை எட்ட 1908 ஆனது. நிலையத்தில் பணியில் இருந்தவரிடம் அனுமதி கேட்டு, நடைமேடை ஓரத்து பெஞ்சில் டப்பாவை வைத்தேன்.

ரயில் வரும் ஓசை கேட்டதும் திறந்தேன். மொத்தம் நான்கு நிமிடம், அதில் ரயில் நின்றது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. பெட்டிகளின் நீலம் இந்தத் தாளுக்கு ஏறக்குறைய வெள்ளை. அதனால் நிறம் புரட்டிய படத்தில் ரயில் ஒரு வெளிறிய மூட்டம்போல நிற்கிறது. ஜன்னல் வரிசை தெரிகிறது, அதன் ஊடாகவே எதிர்ப்பக்கத்து மரங்களும் தெரிகின்றன. எடுத்த 22 தாளில் ஒன்பது தேறின. அவற்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். கணக்குப் போட்டு எடுத்ததல்ல. ரயில் இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் வேறு படமாகியிருக்கும்.

திரும்பும் வழியில் அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கும் கல் பங்களாவை ஒன்று எடுத்தேன். சல்லிவன் 1822இல் கட்டத் தொடங்கிய வீடு. வெளிச்சம் போய்விட்டது, 14 நிமிடம் திறந்தும் பாதி இருட்டாகவே வந்தது. இந்து நகர்ப் பக்கம் போக நேரம் இல்லாமல் போனதுதான் இந்தப் பயணத்தின் பெரிய குறை.

அச்சும் ஹைப்போவும்

தாளில் வருவது நெகட்டிவ், இடவலமும் மாறியிருக்கும். மொபைலில் எடுத்து நிறத்தைப் புரட்டி, இடவலம் திருப்பினால் பார்த்துவிடலாம். ஆனால் ஸ்டூடியோ ஐயாவுக்கு மொபைலைக் காட்ட மனம் வரவில்லை. கடைசி இரவு, புதுத் தாளின் பூச்சுப் பக்கத்தின் மேல் நெகட்டிவின் பூச்சுப் பக்கத்தைக் கவிழ்த்து, படச்சட்டத்திலிருந்து கழற்றிய கண்ணாடியால் அழுத்தி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மொபைல் டார்ச்சை 12 நொடி காட்டினேன். டெவலப் செய்ததும் தேவாலயம் நேராக, வலது இடம் சரியாக வந்து நின்றது. காப்பிக் கறையால் வெள்ளையெல்லாம் லேசான பழுப்பு.

பயன்படுத்திய ஹைப்போவைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் வெள்ளி கரைந்திருக்கிறது, ஊட்டியில் ஓடும் தண்ணீர் ஏரிக்குத்தான் போகும். பாட்டிலில் திரும்பக் கொண்டுவந்து இரும்பு நார்ப் பந்து ஒன்றைப் போட்டுவைத்தேன். வெள்ளி அடியில் கறுப்பு வண்டலாகப் படிகிறது. முன்பெல்லாம் ஸ்டூடியோக்களில் இந்தக் கழிவை வெள்ளிக்காக விலை கொடுத்து வாங்கிப் போவார்கள்.

சனிக்கிழமை இறங்கும் வழியில் குன்னூரில் இறங்கினேன். ஐயா வீட்டில் இருந்தார். அச்சைக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், முகர்ந்தார்.

"எவ்வளவு நேரம் கழுவினீங்க?"

"அரை மணி நேரம்ங்க ஐயா."

"எந்தத் தண்ணி? ஊட்டிக் குழாய்த் தண்ணியா?"

ஆமாம் என்றேன்.

"பச்சைத் தண்ணில ஹைப்போ லேசுல விடாது தம்பி. இது நார்த் தாளு, உள்ள வரைக்கும் குடிச்சிருக்கும். நாங்க மலையில ஒன்றரை மணி நேரம் ஓடவிடுவோம். இப்படியே விட்டீங்கன்னா ரெண்டு வருசத்துல மஞ்சளாயிடும். கொண்டுபோய் மறுபடி கழுவிட்டு அப்புறமா கொண்டாங்க, சுவத்துல மாட்டறேன்."

அச்சைத் திரும்ப வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். ஞாயிறு காலை திருப்பூரில் ஒன்பது நெகட்டிவையும் அந்த அச்சையும் வாளியில் போட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாகப் பன்னிரண்டு தடவை தண்ணீர் மாற்றினேன். நிழலில் கொடி கட்டிக் காயப் போட்டிருக்கிறேன். இங்கே வெயில் இருப்பதால் மாலைக்குள் காய்ந்துவிடும்.